நாற்காலிக்குப் பின்னால் ஒரு பை

பெரில் ஸ்டாக்டேல் என் கடையில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறாள். மாவு ஓட்டுக்குள் கறி வைத்துச் சுடுகிற பைதான் எங்கள் வியாபாரம்: பன்றிக்கறி பை, ஆட்டுக்கறி பை, வெள்ளிக்கிழமை மட்டும் மீன் பை. நான் பின்னால் அடுப்படியில், அவள் முன்னால் கவுண்டரில். எங்கள் ஊர் ஹார்ன்பெக்கில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது டாக்டருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அரசியல் மட்டும் பேச மாட்டாள். வாக்கெடுப்பு நடந்த வருஷம் எதற்குப் போட்டாள் என்று கேட்டதற்கு, "ரகசிய ஓட்டுன்னுதானே சொன்னாங்க, லென்? அப்புறம் ஏன் கேக்கிற?" என்றாள்.

எங்கள் ஊரில் ஆற்றுக்குக் கிழக்கே இருப்பவர்கள் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியே தீர வேண்டும் என்பார்கள். மேற்கே இருப்பவர்கள் வெளியேறவே கூடாது என்பார்கள். இரண்டு தரப்பும் ஒரே வரிசையில் நின்றுதான் பை வாங்கியாக வேண்டும். அதனால் கடைக்குள் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று ஒரு அட்டை எழுதி மாட்டியிருந்தேன். மூன்று வருஷமாகக் கடைக்குள் வானிலை மட்டும்தான் பேசப்பட்டது.

2019 கோடையில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அடுத்த ஆஸ்பத்திரி காரோ கணவாய்க்கு அந்தப் பக்கம், நாற்பத்தொரு மைல். டிசம்பரில் பனி விழுந்தால் கணவாய் அடைபட்டுவிடும். பெரிலின் மகள் ஜானினுக்கு டிசம்பரில்தான் நாள் குறித்திருந்தார்கள்.

பெரில் ஒரு மனு எழுதினாள். வார்டை மூடாதீர்கள் என்று இரண்டே வரி. பெயரும் முழு முகவரியும் கையெழுத்தும் இருந்தால்தான் நாடாளுமன்றத்தில் செல்லும் என்று உறுப்பினர் அலுவலகத்தில் சொன்னார்கள். வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போனாள். முதல் கையெழுத்து கிழக்கே ஆடு வளர்க்கிற ஆர்தர் மெட்காஃப் போட்டது. இரண்டாவது, மேற்கே இருக்கும் பள்ளித் தலைமையாசிரியை ஹேசல் ப்ரயர். அவர்கள் இருவர் பெயரும் ஒரே தாளில் வந்தது வாக்கெடுப்புக்குப் பிறகு அதுதான் முதல் முறை. ஆகஸ்ட் முடிவதற்குள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.

எங்கள் உறுப்பினர் பியர்ஸ் லாங்டன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அந்த இலையுதிர்காலத்தில் அவருக்கே அதில் வாரம் ஒரு சந்தேகம் வந்துகொண்டிருந்தது. பார்க்க நல்ல மனிதர். கையைப் பிடித்துக் குலுக்கினால் இரண்டு கையாலும் குலுக்குவார். மனுவை வாங்கிப் பார்த்துக் கண் கலங்கினார்.

"பெரில், இது காகிதம் இல்ல. இது ஹார்ன்பெக்கோட இதயம்" என்றார். "என் ஆபீஸ்ல ஒரு பிரதி எடுத்து வச்சுக்கறேன். தொலைஞ்சிடக் கூடாது பாருங்க. செப்டம்பர் பத்தாம் தேதி மன்றத்துல நானே வாசிக்கிறேன். நீங்களும் வந்து பாக்கணும்."

எவ்வளவு அக்கறையான மனிதர் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

செப்டம்பர் பத்தாம் தேதி கடையைச் சாத்திவிட்டு நானும் அவளோடு போனேன். பெரில் நீலக் கோட் போட்டிருந்தாள். பதினொரு மணிக்கு லண்டனில் நாடாளுமன்ற வாசலில் நின்றோம். கறுப்பு வால்கோட்டும் மார்பில் பெரிய பதக்கமுமாக ஒரு வாயிற்காவலர் வந்தார்.

"மன்றம் மூடியாச்சும்மா."

"சாப்பாட்டு நேரமா?"

"இல்லம்மா. அஞ்சு வாரத்துக்கு."

"எப்ப மூடினாங்க?"

"இன்னிக்கு விடியறதுக்கு முன்னால."

"எதுக்கு?"

வாயிற்காவலர் இரண்டு பக்கமும் பார்த்தார். "அதுக்கு ரெண்டு காரணம் இருக்கும்மா. ஒண்ணு, மூடினவங்க சொல்றது. இன்னொண்ணு, மத்தவங்க எல்லாரும் சொல்றது."

லாங்டன் எதிர்ப்புறத்துப் புல்வெளியில் இருப்பதாக அவரே காட்டினார். அங்கே தொலைக்காட்சிக்காரர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். முதல் கூடாரத்தில் லாங்டன் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்: "மன்றத்தை மூடினது ஜனநாயகத்தோட கழுத்தை நெரிச்ச மாதிரி." நாங்கள் காத்திருந்தோம். அவர் நாலு கூடாரம் தள்ளிப் போய் வேறொரு மைக் முன் நின்றார்: "மக்கள் சலிச்சுப் போயிட்டாங்க. மன்றத்துக்கு ஒரு சின்ன ஓய்வு தேவைதான்."

பெரில் என்னைப் பார்த்தாள். "காத்து அடிக்குதுல்ல. சரியாக் காதுல விழல" என்றாள்.

ஊருக்குத் திரும்பினோம். இரண்டு வாரம் கழித்து உச்ச நீதிமன்றம், மன்றத்தை மூடியது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. மறுநாள் லாங்டன் கடைக்கே போன் செய்தார். அன்று பெரிலும் பின்னால் வந்து மாவு பிசைந்துகொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"பெரில், நல்ல சேதி! மன்றம் மூடவே இல்லையாம்!"

"நாங்க வாசல்ல நின்னோமே சார். பூட்டியிருந்துச்சே."

"சட்டப்படி அது பூட்டு இல்ல. மூடினதே நடக்கலன்னு தீர்ப்பு. அப்படின்னா நீங்க பூட்டின வாசல்ல நின்னதும் நடக்கல."

"நடக்கலையா?"

"நடக்கவே இல்ல. அதனால நீங்க என்மேல வருத்தப்படவும் காரணம் இல்ல பாருங்க."

போனை வைத்தபின் பெரில் கொஞ்ச நேரம் மாவையே பிசைந்துகொண்டிருந்தாள். "அப்போ அன்னிக்கு நான் எங்க இருந்தேன், லென்?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு லீவு எழுதியிருந்தேன். அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அவள் கடையிலும் இல்லையே. அப்படியே விட்டுவிட்டேன்.

அக்டோபரில் மன்றத்தை மறுபடி மூடினார்கள். இந்த முறை நிஜமாக. பிறகு திறந்தார்கள். ஒரு சனிக்கிழமைகூட உட்கார்ந்தார்கள். முடிவெடுக்கும் முன் முடிவெடுப்பதைத் தள்ளிவைக்க வேண்டும் என்று அன்று முடிவெடுத்தார்கள். கடைசியில் அக்டோபர் இருபத்தெட்டு, திங்கட்கிழமை, மனுவை நிச்சயமாக வாசிக்கிறேன் என்று லாங்டன் சொன்னார். மறுபடி நீலக் கோட். மறுபடி கடை சாத்தல்.

அன்று சாயங்காலம், முன்கூட்டியே தேர்தல் வைக்கலாமா என்று மூன்றாவது முறையாக ஓட்டெடுப்பு. லாங்டன் எங்களை ஆற்றைப் பார்த்த தேநீர் அறைக்கு அழைத்துப் போனார். ஸ்கோன் என்கிற சின்ன இனிப்பு ரொட்டி, ஜாம், வெள்ளித் தேநீர்க் கெண்டி. பெரில் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அப்போது தலைக்கு மேல் மணி அடித்தது. விடாமல் அடித்தது.

பெரில் எழுந்துவிட்டாள். "தீயா சார்?"

"உக்காருங்க பெரில். ஓட்டு. எட்டு நிமிஷத்துல உள்ள போகணும்."

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்கள். லாங்டன் ஒரு ஸ்கோனை இரண்டாகப் பிளந்தார். மெதுவாக வெண்ணெய் தடவினார்.

"நீங்க போகலியா?"

"போனா ஒண்ணு, தேர்தல் வேணும்னு சொல்லணும். இல்லன்னா வேணாம்னு சொல்லணும். வேணும்னா ஹேசல் மாதிரி ஆளுங்க மனசு புண்படும். வேணாம்னா ஆர்தர் மாதிரி ஆளுங்க மனசு புண்படும். என் மக்கள் மனசை நான் புண்படுத்த மாட்டேன்."

"நீங்க எந்தப் பக்கம் சார்?"

"நான் ஹார்ன்பெக் பக்கம்" என்று ஜாமை எடுத்தார். "ஏன் ஓட்டுப் போடலன்னு நாளைக்கு யாராவது கேட்டா, பிரசவ வார்டுக்காகப் போராடற ஒரு தாயோட உக்காந்து அவங்க குறையைக் கேட்டுட்டிருந்தேன்னு சொல்வேன். அது பொய்யா? சொல்லுங்க, நீங்க எதிர்ல உக்காந்திருக்கீங்களா இல்லையா?"

"உக்காந்திருக்கேன்."

"அவ்வளவுதான். இன்னொரு ஸ்கோன்?"

எட்டு நிமிஷம் முடிந்து மணி நின்றது. தேர்தல் தீர்மானம் தோற்றது. ஜெயிக்க வேண்டுமென்று போட்டவர்கள் தோற்கடிக்கப் போட்டவர்களைவிடப் பலமடங்கு அதிகம், ஆனாலும் தோற்றது. ஏன் என்று வாயிற்காவலர் விளக்கினார். மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமாம். பெரில் தலையாட்டினாள்.

அப்புறம் மாடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் எங்களை உட்கார வைத்தார்கள். கீழே பச்சை இருக்கைகளில் ஏழு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். லாங்டன் எழுந்து மனுவை வாசித்தார். நாற்பது விநாடி. பிறகு மனுத் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து, சபாநாயகர் நாற்காலிக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு பச்சைத் துணிப்பை தொங்கியது. மனுவை அதற்குள் திணித்தார். முழுவதும் போகவில்லை. முழங்காலால் அமுக்கினார்.

"அவ்வளவுதானா?" என்று பெரில் கேட்டாள்.

"அவ்வளவுதாம்மா" என்றார் வாயிற்காவலர். "பையில விழுந்தாச்சுன்னா மன்றத்துக்கு வந்து சேந்துடுச்சுன்னு அர்த்தம். இனிமே மந்திரி பதில் எழுதுவாரு."

பெரில் அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான். வாயிற்காவலர் கைக்குட்டை கொடுத்தார்.

மறுநாள், தேர்தல் வேண்டாம் என்று மூன்று முறை சொன்ன அதே மன்றம், டிசம்பர் பன்னிரண்டில் தேர்தல் என்று முடிவு செய்தது. ஒரு வாரத்தில் மன்றம் கலைந்தது.

நவம்பர் மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை, மீன் பை நாள். வரிசை வாசல் வரை நின்றது. ஹேசல் ப்ரயர் கையில் ஒரு கடிதத்தோடு வந்தாள். "பெரில், நீயும் நம்ம பக்கம்தான்னு எனக்குத் தெரியாமப் போச்சே கண்ணு" என்று கவுண்டருக்கு மேலேயே கட்டிக்கொண்டாள்.

கடிதத்தின் மேலே தேநீர் அறைப் படம். பெரிலும் லாங்டனும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே: "அன்புள்ள ஹேசல், நம் பெரிலின் மனுவில் கையெழுத்திட்ட உங்களுக்கு நன்றி. பெரிலும் நானும் ஒன்றில் உறுதியாக இருக்கிறோம். இந்த வெளியேற்றத்தைத் தடுத்தே தீருவோம்."

மூன்று பேர் தள்ளி நின்ற ஆர்தர் மெட்காஃப் மெதுவாகத் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதம் எடுத்தார். அதே படம். "அன்புள்ள ஆர்தர், நம் பெரிலின் மனுவில் கையெழுத்திட்ட உங்களுக்கு நன்றி. பெரிலும் நானும் ஒன்றில் உறுதியாக இருக்கிறோம். இந்த வெளியேற்றத்தை நடத்தியே தீருவோம்."

இரண்டு கடிதத்தையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பை ஆறிக்கொண்டிருந்தது.

"என் வீட்டு வாசல்ல வந்து நின்ன" என்றார் ஆர்தர். "ஆஸ்பத்திரிக்குன்னு சொன்ன. நான் கண்ணாடிகூடப் போடாம கையெழுத்துப் போட்டேன். ஏன்னா கேட்டது நீ."

"ஆர்தர், எனக்கு இது..."

"என் பேரையும் விலாசத்தையும் கொண்டுபோய் அவன் கையில குடுத்திட்டியே."

பை வாங்காமல் போனார். ஹேசலும் போனாள். இரண்டு கடிதமும் கவுண்டரிலேயே கிடந்தன. மூன்று வருஷத்தில் அந்த இருவரும் ஒரே காரணத்துக்காக ஒரே வாசல் வழியாகப் போனது அன்றுதான்.

மறு வாரம் மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் வேட்பாளர்கள் கூட்டம். சாயங்காலம் ஐந்து மணி. கூடம் நிறைந்திருந்தது. கேள்வி நேரத்தில் பெரில் எழுந்தாள். பொது இடத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை. இரண்டு கடிதத்தையும் வாசித்தாள். ஒரு வரியும் விடாமல் கடைசிவரை வாசித்தாள்.

"இதுல எது நிஜம் சார்? நான் எதையுமே சொல்லலியே. ஆஸ்பத்திரிக்காக எழுதின பேருங்க இது."

லாங்டன் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார். கோபமே இல்லை. வருத்தமான முகம்.

"நண்பர்களே, பெரில் நேர்மையா கேக்கறாங்க. நேர்மையா பதில் சொல்றேன். இந்தக் கூடத்துல யாருக்காவது ரெண்டு கடிதமும் வந்துச்சா? கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை.

"பாத்தீங்களா. ஒருத்தருக்கும் நான் ரெண்டு பேச்சு பேசல. ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு பேச்சு. அதுவும் அவங்க மனசுல ஏற்கனவே இருந்தது. நாடே ரெண்டா பிளந்து கிடக்குது. இந்த நேரத்துல ஒரு தலைவன் ஒரு பக்கம் நின்னா, பாதிப் பேரைக் கைவிட்டதா ஆகும். நான் யாரையும் கைவிடல. ஒவ்வொருத்தரோடயும் தனித்தனியா நின்னேன். நீங்க கடிதங்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்காம இருந்திருந்தா, இந்த ஊர்ல இன்னிக்கும் ஒற்றுமை இருந்திருக்கும்."

யாரோ இரண்டு பேர் கை தட்டினார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் சிலர்.

"முகவரிங்க எப்படி வந்துச்சுன்னு கேக்கறீங்க. நான் திருடல. பெரில் தானே கொண்டுவந்து என் கையில குடுத்தாங்க. பிரதி எடுத்துக்கறேன்னு சொன்னேன், சரின்னாங்க. இல்லன்னு சொல்லட்டும்."

கூடம் முழுக்கப் பெரிலைத் திரும்பிப் பார்த்தது.

பெரிலுக்குப் பொய் சொல்ல வராது. "சரின்னுதான் சொன்னேன்" என்றாள்.

உட்கார்ந்தாள். அவள் இரு பக்கத்து நாற்காலிகளும் அப்புறம் எப்போது காலியாயின என்று பின்வரிசையில் இருந்த நான் கவனிக்கவில்லை.

டிசம்பர் ஐந்தாம் தேதி ஜானினைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனாள். பிரசவ வார்டுக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே விளக்கில்லை, கட்டில்களும் இல்லை. வரவேற்பறையில் இருந்த அதிகாரியிடம் கேட்டாள்.

"வார்டை மூடிட்டீங்களா?"

"அதைப் பத்தி நாங்க எதுவும் சொல்லக் கூடாதும்மா. தேர்தல் காலம். தேர்தல் முடியறவரைக்கும் இந்த மாதிரி முடிவுகளை அறிவிக்கக் கூடாதுன்னு விதி. வாக்காளர் மனசு மாறிடும்ல."

"அறிவிக்க வேணாம். மூடியிருக்கா, அத மட்டும் சொல்லுங்க."

"மூடியிருக்குன்னு சொன்னா அறிவிச்சதா ஆயிடும்."

"திறந்திருக்குன்னு சொல்லுங்க."

"அது பொய்யாயிடும்."

"அப்போ என் பொண்ணு எங்க போய்ப் பெத்துக்கறது?"

அதிகாரி குனிந்து குரலைத் தாழ்த்தினார். "தேர்தலுக்கு அப்புறம் பெத்துக்க முடியுமான்னு பாருங்க."

குழந்தை விதியை மதிக்கவில்லை. பதினோராம் தேதி காலை, தேர்தலுக்கு முதல் நாள், ஜானினுக்கு வலி எடுத்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் கணவாய்க்கு அந்தப் பக்கமிருந்து வர வேண்டும், வர முடியவில்லை. என் வேன் சக்கரம் மேட்டில் சுழன்றது. மேலே ஏறக்கூடிய வண்டி ஆர்தரிடம் மட்டும்தான் இருந்தது. பெரில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கடிதம் வந்த நாளுக்குப் பிறகு அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆர்தர் அவளைப் பார்த்தார். கோட்டை எடுத்தார். வண்டியில் இருந்த வைக்கோலைத் தள்ளிவிட்டுக் கம்பளி விரித்தார். ஜானினை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கணவாய் உச்சியில், வண்டி நகர முடியாத இடத்தில், குழந்தை பிறந்தது. ஆடுகளுக்குப் பிரசவம் பார்த்த கை அவருடையது. தொப்புள்கொடியை அவர்தான் கட்டினார். பெண் குழந்தை. அழ இரண்டு நிமிஷம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றி பெரில் என்னிடம் பேசியதே இல்லை. ஜானினுக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. வழி திறந்ததும் ஆர்தர் கொண்டுபோய்ச் சேர்த்த அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். பெரில் அங்கேயே இருந்ததால் ஓட்டுப் போடவில்லை.

லாங்டன் எழுபத்தொரு ஓட்டில் ஜெயித்தார். புதிய மன்றத்தில் அவர் பேசியதை ஊர்ப் பத்திரிகை முழுதாகப் போட்டது: "என் தொகுதியில் பனிக்கணவாயில், ஒரு விவசாயியின் வண்டியில், ஒரு குழந்தை பிறந்தது. கட்டடங்களை நம்பாமல் ஒருவரை ஒருவர் நம்பும் மக்கள் என் மக்கள். இப்படிப்பட்ட மக்களுக்கு வார்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?"

பேசி முடித்ததும் இரு தரப்பும் ஆரவாரம் செய்தார்களாம்.

ஜனவரியில் பெரிலுக்கு ஒரு உறை வந்தது. மனு கொடுக்கப்பட்ட மன்றம் இப்போது இல்லாததால் மனுவுக்குப் பதில் சொல்ல இயலாது. விரும்பினால் புதிய மன்றத்துக்குப் புதிய கையெழுத்துகளுடன் புதிய மனு அளிக்கலாம். மாதிரிப் படிவம் இணைக்கப்பட்டுள்ளது.

பெரில் கிளம்பினாள். மூன்று வாரம் நடந்தாள். பல வீடுகளில் விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. ஹேசல் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றதைத் தெருவிலிருந்தே பார்த்தாளாம். ஆர்தர் திறந்தார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பேனாவை வாங்கிப் பெயரை எழுதினார். அதோடு நிறுத்தினார்.

"விலாசம் இல்லன்னா செல்லாதாம், ஆர்தர்."

"தெரியும்" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். "உன்மேல கோவம் இல்ல பெரில். ஆனா அது என்னால முடியல."

அன்று கடை சாத்தும் நேரத்தில் படிவத்தைக் கவுண்டரில் என் பக்கம் திருப்பி வைத்தாள். பதினேழு வருஷம் என்னோடு நின்றவள். இரண்டு முறையும் அவளோடு லண்டன் போனவன் நான். பெயரை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பேனா அடுத்த கட்டத்துக்குப் போயிற்று. கடைக்கு மேல்தான் வீடு. ஊருக்கே தெரிந்த விலாசம், வாசலிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது.

பேனா நின்றுவிட்டது. ஒரு விநாடிதான் இருக்கும். அப்புறம் எழுதிவிட்டேன், கதவு எண் வரைக்கும்.

ஆனால் அந்த ஒரு விநாடியை அவள் பார்த்துவிட்டாள். மை காயும் வரை காத்திருந்து, படிவத்தை மடித்து, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.